மடை ஏறாத தண்ணீர்

அன்று காலை தண்ணீர் வண்டி வரவில்லை. எங்கள் தெருவுக்குச் சாவுச் செய்தி அப்படித்தான் வந்தது. குடங்களோடு வரிசையில் நின்று பெண்கள் வண்டிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவர் மாடும் வண்டியும் இல்லாமல் நடந்து வந்தார்.

"திட்டாதீக. முதலாளி ராத்திரி போயிட்டாரு. இன்னைக்கு வண்டி கட்டக் கூடாதாம்."

உடனே திட்டு அழுகையாக மாறியது. "ஊருக்கே தண்ணி குடுத்த மகராசன்" என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். காலிக் குடம் அவள் இடுப்பிலேயே இருந்தது.

செங்கல் சூளை முதலாளி பொன்னையாவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். நாளை எங்கள் பள்ளிக்கூடத்தில் அவருக்கு இரங்கல் கூட்டம். ஒன்பதாம் வகுப்பின் சார்பில் நான் பேச வேண்டும். பேச வேண்டியதைத் தலைமையாசிரியை அம்மாவே எழுதித் தந்துவிட்டார்கள். வள்ளல் என்ற சொல் அதில் வரிக்கு வரி வருகிறது. நான் எழுதுவது வேறு. என் அப்பா அவருடைய சூளையில் வேலை செய்கிறார். நாங்கள் குடியிருப்பது சூளைக்குச் சொந்தமான வீடு. நான் மாற்றி ஏதாவது பேசினால் வேலையும் இருக்காது, வீடும் இருக்காது. அதனால் விளக்குத் திரியை இறக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா புரண்டு படுக்கும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது.

தாடிக்கொம்பு சாலையில் இருக்கும் எங்கள் குளத்தில் கோடைக்குக் கோடை வயல்காரர்கள் வண்டல் அள்ளுவார்கள். அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மண்வெட்டி மட்டும்தான் கொண்டுபோகலாம், கடப்பாரை கூடாது. மண்வெட்டிக்கு இளகாத மண் குளத்துக்குச் சொந்தம். முதலாளியும் முதலில் மண்வெட்டியோடுதான் வந்தார். மறு கோடையில் கடப்பாரை வந்தது. பிறகு லாரி வந்தது. பழனியில் விடுதி கட்டினார்கள், திண்டுக்கல்லில் சினிமாக் கொட்டகை கட்டினார்கள், ரயிலடிக்கு அந்தப் பக்கம் காலனி கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் எங்கள் குளத்திலிருந்து மண் போனது. அப்போது எங்களுக்குக் குளத்தின் கீழே வயல் இருந்தது. அப்பா ஒருநாள் கரையில் நின்று கேட்டார்.

"மண்ணு இம்புட்டுப் போகுதுங்களே, முதலாளி?"

"எங்கப்பா போகுது? ஊருக்குள்ளதான் இருக்கு. செவரா நிக்குது, போய்ப் பாரு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்கப் பழகியவர்கள் அவர்கள்.

அந்த வருஷம் நல்ல மழை. மடை திறக்கும் நாளுக்கு முதலாளி அய்யலூர்ச் சந்தையில் தாமே ஆடு பிடித்து வந்தார். கழுத்தில் மாலையோடு கரையில் நின்று பேசினார். "கொளத்த ஆழமாக்கிக் குடுத்திருக்கேன். முன்னயவிட எம்புட்டுத் தண்ணி நிக்கிது பாருங்க."

தண்ணீர் நின்றது உண்மைதான். அவர் தோண்டிய குழிக்குள் நின்றது. அம்மா அப்பாவின் காதருகே, "தண்ணி மடைக்குக் கீழதான கெடக்கு" என்றாள். "சும்மா இரு" என்றார் அப்பா. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் விவசாயிகள். மடைவாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று தெரியாதவர் ஒருவரும் இல்லை. இருந்தும் கை தட்டினார்கள். முதலாளி பலகையைத் தூக்கினார். மடை வழியாக ஒரு தவளை வந்தது.

"தண்ணிக்கு வெக்கம்போல. செத்த நேரம் பொறுங்க" என்றார். பொறுத்தார்கள். கறிச்சோறு வெந்ததும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

தண்ணீர் பாயாத வயலை அப்பா அவருக்கே விற்றார். அவர் அதையும் தோண்டினார். குழியில் ஊறிய தண்ணீர் மண் வெட்ட இடைஞ்சலாக இருந்ததால் எஞ்சின் வைத்து இரவும் பகலும் இறைத்து ஓடையில் விட்டார். எங்கள் தெருக் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. அதன் பிறகுதான் அவர் வள்ளல் ஆனார். பீப்பாயில் தம் பெயரை எழுதி, அதே குழித் தண்ணீரை நிரப்பி, வண்டியில் அனுப்பினார். அம்மா அதைத் துணியில் வடிகட்டும்போது, "நம்ம கெணத்துத் தண்ணிதான், வண்டியேறி வருது" என்பாள்.

எங்கள் வயலில் வெட்டிய மண்ணில் அறுத்த செங்கல்லைத்தான் அவர் எங்கள் பள்ளிக்கூடம் கட்டக் கொடுத்தார். திறப்பு விழாவில் நான் மாலை எடுத்துக் கொடுத்தேன். "யாரு மக நீ?" என்று கேட்டார். சொன்னேன். "நல்லாப் படி. ஒங்கப்பன் மாதிரி மண்ணப் பாத்துக்கிட்டே நிக்காத" என்றார். மேடையில் இருந்தவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

அவர் குடும்ப வழக்கப்படி அவரைச் சொந்த நிலத்தில் புதைக்க வேண்டும். எந்த நிலத்தில்? எங்கு பார்த்தாலும் குழி. மேடாக மிஞ்சியிருந்த ஒரு மூலையில் ஒரு முழம் தோண்டுவதற்குள் பாறை தட்டிவிட்டது. பாறைமேல் வைத்து மூடுவதற்கு வேடசந்தூர்ப் பக்கமிருந்து லாரியில் மண் வந்தது. அதை இறக்கியவர்களில் என் அப்பாவும் ஒருவர். வீட்டுக்கு வந்து கைகழுவத் தண்ணீர் கேட்டார். இல்லை.

தலைமையாசிரியை அம்மா எழுதித் தந்ததில், "குளத்தை ஆழப்படுத்தித் தந்தார்" என்று ஒரு வரி இருக்கிறது. நாளை அதை அப்படியே வாசிப்பேன். அதன் பிறகு, "தண்ணீர் மடை ஏறவில்லை" என்று என் வரி ஒன்றையும் வாசிப்பேன். மற்றதெல்லாம் அவர்கள் இஷ்டப்படி இருக்கட்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பொன்னையா முதலாளியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் சொன்ன ஒன்றை மட்டும்தான். செவரா நிக்குது, போய்ப் பாரு. பார்த்துவிட்டேன். நாளை பேசும்போது பள்ளிக்கூடத்தின் அந்தச் சுவரைப் பிடித்துக்கொள்வேன். அது எங்கள் வயல்.