மலைப்பாதை மூடியிருந்த நாள்

ரொரன்ரோவுக்குப் பக்கத்தில், எங்கள் அஜக்ஸில் பனி கொட்டும் காலைகளில், பள்ளிக்கூட பஸ் ஓடுகிறதா என்றுதான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். வீதி திறந்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. உப்புத் தூவும் வண்டி முன்னால் போகும்; நாங்கள் 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து வேலைக்குப் போய்விடுவோம். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது பெரிய வீரமாகத் தெரியலாம். எங்களுக்கும் அப்படியொரு நினைப்பு இருந்தது, போன மார்கழியில் நோர்வேக்குப் போகும்வரை.

என் கணவரின் ஒரே அண்ணன் அங்கே வடகோடியில், ஒரு மீன்பிடி ஊரில் இருந்தார். இளவயதில் படிக்கப் போனவர், மீன் தொழிற்சாலையில் வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டார். என் கணவர் அகதியாக ரொரன்ரோவின் பார்க்டேலுக்கு வந்து சேர்ந்தார். கொழும்பில் பிரிந்த இருவரும் பிறகு ஒரேயொரு தடவை, லண்டனில் ஒரு கல்யாண வீட்டில்தான் சந்தித்தார்கள். நான் அத்தான் என்று கூப்பிடும் அந்த அண்ணன் தொலைபேசியில் எப்போதும் ஒன்றையே சொல்வார்: "வாறதெண்டால் கோடையில வா தம்பி. விண்டரில வந்து மாட்டுப்படாத." எங்கள் கோடைகளோ அரங்கேற்றங்களிலும் பிள்ளைகளின் படிப்பிலும் கழிந்தன. அவருடைய இருதயம் இனித் தாங்காது என்று அத்தானின் மனைவி அழைத்தபோது நடுக்குளிர்காலம்.

நோர்வே விமான நிலையத்தில், பனியில் வழுக்காத ஆணி பதித்த ரயர்களோடு ஒரு கார் எடுத்துக்கொண்டு ஓடினோம். மலையடிவாரத்தில் வீதிக்குக் குறுக்கே ஒரு தடை இறங்கியிருந்தது. 'ஸ்தெங்ட்' என்றது பலகை. மூடியிருக்கிறது என்று அர்த்தமாம். மத்தியானமே பொழுது சாய்ந்ததுபோல் நீலமாக மங்கிக் கிடந்தது. மஞ்சள் ஜக்கெட் போட்ட ஒருவர் கண்ணாடியைத் தட்டி, தடித்த உடுப்பு இருக்கிறதா, சாப்பாடு இருக்கிறதா, பெற்றோல் எவ்வளவு என்று ஆங்கிலத்தில் கேட்டார். எல்லாவற்றுக்கும் இவர் தலையாட்டினார்.

"விடப்போறான் போல. பெல்ற்றைப் போடும்," என்றார் என்னிடம்.

ஆனால் அந்த மனிதர் கேட்டது, நாங்கள் காரிலேயே காத்திருக்க நேர்ந்தால் குளிரைத் தாங்குவோமா என்பதற்காக. இவர் இறங்கி, அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், நான் கனடாவில் பனியில் ஓடிப் பழகியவன் என்றெல்லாம் சொன்னார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பின்னால் கை காட்டினார். அங்கே எங்களைப்போலவே மறிக்கப்பட்டு ஓர் அம்புலன்ஸும் நின்றது.

இவர் காருக்குள் வந்து அண்ணியைப் போனில் அழைத்தார். அவர் போனை அத்தானின் காதில் வைத்தார்.

"அண்ணை, நான் வந்திட்டன். மலைக்கு இஞ்சால நிக்கிறன். மறிச்சு வைச்சிருக்கிறாங்கள்."

மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு, "உந்தக் காத்து காரைப் பிரட்டிப்போடும். அவங்கள் சொல்லுமட்டும் ஏறாத. நில்லு," என்றார் அத்தான்.

"ஓம் அண்ணை. நிக்கிறன்."

அதற்குமேல் அவர்கள் பேசவில்லை.

மறுநாள் பனியகற்றும் வண்டியின் பின்னால் எங்களை வரிசையாக அழைத்துப் போனார்கள். காற்று தணிந்திருந்தது என்றார்கள். அப்படியும் முன்னால் போன காரின் சிவப்பு வெளிச்சம் பல இடங்களில் தெரியவில்லை; இவர் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்து ஊர்ந்தார். ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி தனியாக நின்றார். அத்தான் விடியுமுன்பே போய்விட்டிருந்தார்.

நோர்வேக்குச் சுற்றுலா போகிறவர்கள் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. தடை இறங்கினால் நில்லுங்கள் என்றுதான் சொல்கிறேன். மறித்தவர் செய்தது சரி, அத்தான் சொன்னதும் சரி. கோபித்துக்கொள்ளக்கூட ஓர் ஆள் இல்லாத துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

அந்த நாட்டின் மலைவீதிகளில் கமராக்கள் இருக்கின்றன. யாரும் இணையத்தில் பார்க்கலாம். காலையில் அஜக்ஸ் நிலையத்தில் ரெயினுக்கு நிற்கும்போது இவர் கையுறையைக் கழற்றிவிட்டு, போனில் அந்தக் கணவாயைத் தேடி எடுப்பார். அங்கே அப்போது மத்தியானம்.

"இண்டைக்குத் திறந்திருக்கு," என்பார்.

ரொரன்ரோ ரெயின் வந்து கதவைத் திறக்கும். சனம் இவரை இடித்துக்கொண்டு ஏறும். இவர் குனிந்தபடி, ஆளில்லாத அந்த வெள்ளை வீதியைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.