நீலம் இறங்காத தொட்டி

அளவுக்கு மீறிய கவனம் ஓர் உயிரைக் காக்குமா, வதைக்குமா? கண்ணாடிக் கடைக்காரரோடு பழகியவர்களுக்கு இந்தக் கேள்வி எழாமல் போகாது. கடை அவருடையதல்ல. மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. பொருத்தியதைக் கழற்றி, அளந்து, திரும்பப் பொருத்துவார். "மறுபடி ஒரு தடவை பாத்துடலாம்" என்பது அவர் வாயோடு ஒட்டிப்போன பேச்சு. அதனால் கடையில் அவர் பெயரே 'மறுபடி' ஆகிவிட்டது. கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. பயந்தவர், அவ்வளவுதான்.

அவரிடம் போய் அவருடைய அண்ணி மீன்தொட்டியை ஒப்படைத்தார். மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போக வேண்டியிருந்தது. தொட்டியில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு டிஸ்கஸ் மீன். தட்டுப் போல வட்டமாக, செம்பு நிறத்தில் இருக்கும். காலமான அண்ணன் குஞ்சிலிருந்து வளர்த்தது. கூட இருந்த இரண்டும் அண்ணன் போன பிறகு ஒவ்வொன்றாகச் செத்துவிட்டன.

"இதுவும் போச்சுன்னா, உங்க அண்ணன் இன்னொரு தடவை போன மாதிரி, தம்பி" என்றார் அண்ணி. தொட்டிக்குள்ளிருந்த வெள்ளைக் கற்களையும் தன் கையாலேயே அடுக்கிக் கொடுத்தார். "கடற்கரையில நான் பொறுக்கினது. அவரு இருந்தவரைக்கும் உள்ள போடவே விடல. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க!"

அழகாகத்தான் இருந்தது. ஆனால் சில நாட்களில் மீன் கறுத்தது. மூலையில் ஒதுங்கி வேகவேகமாக மூச்சு வாங்கியது. போட்ட தீனி அப்படியே மிதந்தது.

மீன் கடைக்காரர் தண்ணீர் பார்க்கும் மருந்தைக் கொடுத்தார். சின்னக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு விட்டால் நிறம் மாறும். பச்சை வந்தால் நல்லது. வந்தது கருநீலம். பி.எச்., அதாவது தண்ணீரின் காரத்தன்மை, எகிறியிருந்தது. அதை இறக்க ஒரு திரவம் வாங்கி வந்து ஊற்றினார். நீலம் பச்சையானது. அப்பாடா என்று வேலைக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் மறுபடி நீலம். மறுபடி ஊற்றினார்.

வேலையில் கை ஓடவில்லை. இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிவிட்டார். அவர் வாழ்நாளில் நடக்காத காரியம்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இத்தனை தடவை தொட்டுப் பாக்கல. நானும் மூலையில போய் நிக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"சும்மா இரு. அண்ணி போன் பண்ணா என்ன சொல்றது?"

"மீன் நல்லா இருக்கு, நான்தான் செத்துட்டேன்னு சொல்லுங்க."

மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் மீன் கடைக்காரரிடம் ஓடினார். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், பி.எச். ஏறினதுகூட அதுக்குப் பழகிடும். தினம் ஏத்தி ஏத்தி இறக்குனா எப்படித் தாங்கும்? அந்த இறக்குற மருந்தை முதல்ல தூக்கிப் போடுங்க. வீட்டுக் குழாய்த் தண்ணியப் பாத்தீங்களா?"

பார்த்திருக்கவில்லை. எதையும் மறுபடி பார்க்கிற மனிதர், இதை முதல் முறையே பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து வாளித் தண்ணீரில் சொட்டு விட்டார். பச்சை. அப்படியானால் ஏற்றுவது தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து அதன் மேல் வினிகர் விட்டார். புசுபுசுவென்று நுரைத்தது. சுண்ணாம்பு. அண்ணன் ஏன் விடவில்லை என்பதும், மற்ற இரண்டு மீன்கள் எப்படிப் போயின என்பதும் அந்த நுரையில் தெரிந்தது.

கற்களை எடுத்தார். நாளுக்கு ஒரு குவளையாகத் தண்ணீர் மாற்றினார். அதற்கு மேல் எதுவும் செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததுதான் அவருக்குப் பெரும்பாடு. நீலம் மெல்ல மெல்ல இறங்கியது. மீன் நிமிர்ந்தது. கடைசியில் ஒரு புழுவைக் கவ்வியது.

அண்ணி வந்து தொட்டி முன்னால் குனிந்தார். "அப்பா! இருக்கு!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கல்லெல்லாம் எங்க, தம்பி? சரி, வீட்ல போய் அடுக்கிக்கிறேன். வண்டி கீழ நிக்குது, தொட்டியைத் தூக்கலாமா?"

எப்போது அண்ணி வருவார், எப்போது இது தலையை விட்டு இறங்கும் என்று தவித்துக்கொண்டிருந்தவர் அவர். கற்களைக் கழுவிக் காயவைத்த பையைக் கொண்டுவந்து அண்ணியின் கையில் கொடுத்தார்.

"மீன் இங்கேயே இருக்கட்டும், அண்ணி."

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அண்ணியின் முகம் சிறுத்துப்போனது. "உங்க அண்ணன் மீனை எனக்குத் தர மனசு வரலையா?"

அவர் பார்வை அண்ணி கையிலிருந்த கல் பைக்குப் போனது; அந்த இரண்டு மீன்களின் சாவை அதோடு சேர்த்து எப்படிச் சொல்வது? அன்றைக்கும் சரி, பிறகு மனைவி துருவித் துருவிக் கேட்டபோதும் சரி, காரணத்தை அவர் யாருக்கும் சொன்னதில்லை.