ஆழாக்கு வழியே ஓர் ஏலப்பூ

1956 ஜூலை, சனிக்கிழமை. மதுரையில் காலை வண்டி ஏறி, உசிலம்பட்டி தாண்டியதும் பையிலிருந்த பித்தளைக் குழாயைக் காமிராவில் திருகிப் பார்த்தேன். அரைச் சுற்றுக்கு மேல் ஏறவில்லை. லென்ஸைக் காமிராவிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் பொருத்தினால் கடுகளவுப் பொருளும் பெரிதாகத் தெரியும். அதற்காகச் சென்னையிலிருந்து வரவழைத்த குழாய் அது. திருகும் மறையின் அளவைத் தப்பாக எழுதி அனுப்பியவன் நானேதான்.

நான் கல்லூரியில் தாவரவியல் நடத்துபவன். குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் வேலுச்சாமி என் பழைய சினேகிதர். இரண்டு வருஷமாக அவர் காய்களில் சொறி விழுந்து, போடி வியாபாரிகள் ஒதுக்கிவிடுகிறார்கள். பூவுக்குள் ஒளிந்திருக்கும் இலைப்பேன் என்ற நுண்ணிய பூச்சிதான் காரணம் என்று எழுதினேன். பனிதான் காரணம் என்று அவர் பதில் போட்டார். படம் எடுத்துக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். திங்கட்கிழமை காலை எனக்கு வகுப்பு.

ஐம்பத்தாறு மைல் கடந்து, பதினொன்றரைக்குப் போடிநாயக்கனூர். ஸ்டேஷன் வாசலில் விசாரித்ததில், பெட்ரோமாக்ஸும் ஜீப் ரேடியேட்டரும் பழுது பார்க்கும் சவரிமுத்துவின் கடையைக் காட்டினார்கள். நாற்பது வயதிருக்கும். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"மறை வெட்ட நம்மகிட்ட லேத்து இல்ல சார். ஆமா, இந்த ரெண்டு மூடியும் என்னத்துக்கு?"

"தூசி போகாமலிருக்க. ஒன்று காமிரா வாய்க்கு, ஒன்று லென்ஸின் அடிக்கு."

"அப்ப வேண்டிய மறை ரெண்டும் கையிலயே இருக்கு. நடுவுல ஒரு குழா வச்சு ஒட்டிப்புட்டாச் சோலி முடிஞ்சுது."

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மூடிகளை நான் ஆயிரம் தடவையாவது திருகியிருப்பேன்.

எதிர்ப் பாத்திரக்கடையில் அரிசி அளக்கும் பித்தளை ஆழாக்கு ஒன்று வாங்கி வந்தேன். அதன் அடியை அறுத்தார். மூடிகளின் நடுவை வட்டமாக வெட்டி எடுத்தார். ஈயம் வைக்கும்போது நான் குனிந்து பார்க்க, "செத்த தள்ளி நில்லுங்க சார், இது ஒரு நூல் கோணுனா எல்லாம் கோணிரும்" என்றார். முடித்த பிறகும் கொடுக்கவில்லை. "உள்ள இம்புட்டுப் பளபளப்பு ஆகாது. வெளிச்சம் செதறும்." விளக்குப் புகைக்கரியைப் பாலிஷில் குழைத்து உட்புறம் பூசினார். காமிராவையே அன்றுதான் தொட்டுப் பார்த்தவர், விளக்கை அறிந்ததால் வெளிச்சத்தையும் அறிந்திருந்தார். கூலி இரண்டு ரூபாய்.

ஞாயிறு காலை ஆறு மணி ஜீப்பில் பத்து மைல் போனால் குரங்கணி. அங்கிருந்து கழுதைப் பாதையில் இரண்டரை மணி நேர ஏற்றம். வேலுச்சாமி என்னைத் தோட்டத்துக்குள் அழைத்துப் போனார். ஏலப்பூ செடியின் தலையில் பூப்பதில்லை. தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் வெள்ளையாக, உதட்டில் ஊதா வரிகளோடு பூக்கும். ஈர மண்ணில் குப்புறப் படுத்தேன். அட்டைகள் சட்டைக்குள் ஏறின. ஆழாக்கைப் பொருத்திக் குனிந்தால் ஒரே இருட்டு.

களை எடுத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள், வெளிச்சம் போதவில்லை என்று நான் முணுமுணுத்ததைக் கேட்டு, தோட்டக் கொட்டகையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து, மரக்கிளை நடுவே விழுந்த வெயிலைப் பூவின்மேல் திருப்பினாள். "இங்கனயா, இன்னுங் கொஞ்சம் கீழயா அய்யா?"

ஊதா வரி ஒன்று ராஜபாட்டை போல விரிந்தது. அதன் ஓரத்தில், கால்கள் தெளிவாகத் தெரிய, ஓர் இலைப்பேன் நடந்து போயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆறு படம் எடுத்தேன். பிறகு எழுந்து வேலுச்சாமியைப் படுக்கச் சொன்னேன்.

வெள்ளை வேட்டியோடு படுத்தவர் வெகுநேரம் எழவில்லை.

"நடக்குதுய்யா" என்றார் கடைசியில். எழுந்து, பக்கத்துச் சரத்தில் ஒரு பூவைக் கிள்ளி உள்ளங்கையில் உதறினார். இன்னொன்று. இன்னொன்று. "எல்லாத்துலயும் இருக்கு. நான் பனியத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

பேச்சியம்மாளும் மற்றப் பெண்களும் ஒருவர் மாற்றி ஒருவர் படுத்துப் பார்த்தார்கள். பிலிமில் இன்னும் முப்பது படம் மிச்சம் இருந்தது. ஆனாலும் எல்லாரும் பார்த்து முடிக்கும்வரை காமிராவை நான் திரும்ப வாங்கவில்லை.

மாலை வண்டியில் மதுரை திரும்பும்போது என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. பத்து வருஷமாக அதே பூச்சியைக் கரும்பலகையில் வரைகிறேன். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். அதைப் பார்ப்பதற்காக மண்ணில் படுத்தவர்களை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.