கூடுதா, குறையுதா

எங்க வீட்டுக்காரர் அச்சகத்துல பெரிய மிஷின் ஓட்டினவர். அது பக்கத்துல நின்னு பேசணும்னா தொண்டை கிழியணும். அங்க வேலை பாத்தவங்க எல்லாரும் வீட்டுக்கு வந்தும் கத்தித்தான் பேசுவாங்க. பொண்டாட்டி புள்ளைங்களுக்கும் அது ஒட்டிக்கும். எங்க வீட்ல உப்பு கேட்டாக்கூட பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைன்னு எட்டிப் பாப்பாங்க. தெருவுல எனக்கு மைக்செட்னு பேரு. வச்சவன் மட்டும் என் கையில மாட்டட்டும்.

அச்சகத்தை மூடினதும் பழைய கார் ஒண்ணு வாங்கி சவாரி ஓட்ட ஆரம்பிச்சாரு. நாலு கை மாறின வண்டி. ஆனா அதுல ஏறி உக்காந்ததும் மனுஷன் முகமே மாறிடும். சும்மா வீட்ல உக்கார வச்சா அவரு உருக்குலைஞ்சு போயிடுவாரு, அது எனக்கு நல்லாத் தெரியும்.

ஒரு ஆபீஸ்ல கணக்குப் பாக்குற மேடம்தான் தினமும் காலைல அவரோட நிரந்தர சவாரி. ஒரு நாள் அவங்க என்கிட்ட சொன்னாங்க: "அக்கா, அவரு பதமா ஓட்டுறாரு. ஆனா உள்ள ஒரே இரைச்சல், எறங்குனா தலை கிண்ணுனு இருக்கு. சரி பண்ணலன்னா நான் வேற வண்டிதான் பாக்கணும்."

இவருகிட்ட சொன்னேன். "கார்னா சத்தம் வராம பாட்டா வரும்?"னாரு. அடுத்த நாள் நானே ஏறிப் பாத்தேன். அப்பப்பா! வேகம் கூடக்கூட பின்னாடி ஊ...ன்னு ஒரே ஊளை. இவரும் விடல. கதவுக்கெல்லாம் புது ரப்பர் ஒட்டினாரு, கால் மிதியடிக்கு அடியில பழைய போர்வைய வெட்டிப் போட்டாரு, டிக்கில இருந்த ஸ்டெப்னிய இறுக்கிக் கட்டினாரு. "இப்ப எப்படி, சத்தம் சுத்தமா இல்லைல்ல?"ன்னு பெருமையாக் கேட்டாரு. ஊளை அப்படியே இருந்துச்சு. எனக்கு எரிச்சல் தலைக்கேறிச்சு.

கடைசியா மெக்கானிக் தம்பியக் கூட்டிட்டு ஒரு காலி ரோட்டுக்குப் போனோம். தம்பி பின் சீட்டுல குனிஞ்சு, காத கீழ வச்சுக்கிட்டாரு. நான் முன்னாடி. வேகமாப் போறப்ப கியர நியூட்ரல்ல போடச் சொன்னாரு, நான் இவரு பக்கம் திரும்பிக் கத்தினேன். சத்தம் நிக்கல. "அப்ப இஞ்சின் இல்ல. சக்கரம்தான். அண்ணே, ஸ்டியரிங்க மெதுவா வலது பக்கம் ஒடிங்க. கூடுதா, குறையுதா?"

நான் கையால காட்டின பக்கம் இவரு ஒடிச்சாரு, கேள்விக்கு மட்டும் பதில் இல்ல. மறுபடி கேட்டதும் நான் திரும்பிப் பாத்தேன். உடனே இவரு என் முகத்தப் பாத்துட்டு, "குறையுது"ன்னாரு.

அப்பத்தான் சத்தம் காதப் பிளக்குது.

"இப்ப இடது பக்கம்." நான் கையக் காட்ட, இவரு ஒடிச்சாரு. சத்தம் அடங்கிப் போச்சு. இவரு மறுபடி என்னப் பாத்தாரு. "கூடுது"ன்னாரு. மெக்கானிக் தம்பி, "வலது பக்கம் ஒடிச்சா பாரம் இடது சக்கரத்துல ஏறும், அப்பத்தான் கத்துது. இடது பின் சக்கரத்து பேரிங் போச்சு அண்ணி"ன்னு என்கிட்ட மட்டும் சொன்னாரு. அன்னிக்கே மாத்தியும் கொடுத்தாரு.

திரும்பி வர்றப்ப நான் பின் சீட்டுல உக்காந்தேன். வண்டிக்குள்ள அப்படி ஒரு அமைதி. "ஏங்க, வண்டிய ஓரமா நிறுத்துங்க"ன்னேன், எல்லாரும் பேசுற மாதிரி, கத்தாம. அவரு பாட்டுக்கு ஓட்டிக்கிட்டிருந்தாரு. பின்னாடி லாரிக்காரன் விடாம ஹாரன் அடிச்சான். அதுக்கும் அசையல. தோளத் தொட்டதும்தான் நிறுத்தினாரு.

முன் சீட்டுக்கு வந்து அவர் பக்கம் திரும்பி உக்காந்தேன். நான் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே அவருக்குப் புரிஞ்சிடுச்சு.

"ரொம்ப நாளாவே கேக்கல. சொன்னா சாவிய வாங்கிடுவாங்க. அப்புறம் வீட்ல உக்காந்து உன் வாயையே பாத்துக்கிட்டு இருக்கணும்."

எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. கோவமும்தான். "பின்னாடி சீட்ல இருக்கறது ஒரு உசுருங்க"ன்னேன். அவரு கண்ணாடிய ஒரு தடவைக்கு நாலு தடவை பாத்து, உருட்டிக்கிட்டே வீடு வந்து சேந்தாரு.

மறுநாள் காலைல மேடத்துக்கு நானே போன் போட்டு, வண்டி வராதுன்னு சொன்னேன். டாக்டர்கிட்ட பஸ்லதான் போனோம். கண்டக்டர் வந்து இவருகிட்ட ஏதோ கேட்டாரு. வழக்கமா நான்தான் முந்திக்கிட்டு பதில் சொல்லுவேன். அன்னிக்கு வாய இறுக்கி மூடிக்கிட்டேன். இவரு என் பக்கம் திரும்பாம, கண்டக்டர நேராப் பாத்தாரு.

"தம்பி, எனக்குக் காது கேக்காது. கொஞ்சம் என்னப் பாத்துச் சொல்லுங்க."