தோளில் கிடந்த துண்டு

ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் மனைவிக்கு ரத்தப் புற்று என்று தெரிந்த வாரத்திலிருந்து வீட்டுக்கு வந்த ஆரஞ்சைக் குவித்திருந்தால் நான் வியாபாரம் செய்யும் சாலைக் கம்போளச் சந்தையில் தனியாக ஒரு பழக்கடையே போட்டிருக்கலாம். நாகர்கோவிலிலிருந்து சொந்தக்காரர்கள் காலை ரயிலில் வந்து இறங்குவார்கள். "மெலிஞ்சுட்டாளே" என்று அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். மதியச் சாப்பாட்டுக்கும் இருந்துவிட்டுத்தான் போவார்கள். சுகமில்லாதவரைப் போய்ப் பார்க்காவிட்டால் எங்கள் சொந்தத்தில் அது பகை. பார்க்க வந்தவர் அவள் முகத்துக்கு நேரே இருமிவிட்டுப் போனால் அது பாசம்.

இரண்டாவது சுற்று மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பிய அன்று, ஆஸ்பத்திரி நர்ஸ் என்னை உட்காரவைத்து விளக்கினாள். ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் பல வகை உண்டு. அதில் ஒன்றுக்கு நியூட்ரோஃபில் என்று பெயர். கிருமி உள்ளே புகுந்தால் முதலில் ஓடிவருவது அதுதான். கிருமியை விழுங்கிச் செரித்துவிட்டுத் தானும் செத்துப்போகும். புண்ணில் கட்டும் சீழில் பெரும்பகுதி அப்படிச் செத்ததுதான். அதன் ஆயுளே ஒரு நாள், மிஞ்சிப்போனால் சில நாள். அதனால் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜை ஓயாமல் புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். புற்றை அடிக்கிற மருந்து மஜ்ஜையையும் சேர்த்து அடித்துப் போட்டுவிடும். அது எழுந்து நிற்க இரண்டு மூன்று வாரமாகும். அதுவரை சின்னக் காய்ச்சல்கூட ஆளைக் கொண்டுபோய்விடும்.

நர்ஸின் முதுகுக்குப் பின்னால் சுவரில், வெள்ளை அணுக்களைச் சிப்பாய்களாக வரைந்த ஒரு படம் தொங்கியது. வெள்ளைத் தொப்பி போட்டு, வாளோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். என் மனைவியின் ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் என்ற இடத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்து எண் இருந்தது. அந்தப் படத்தைக் கிழித்து எறிய வேண்டும்போல் கை துறுதுறுத்தது.

ஒரு தாளும் கொடுத்தார்கள். பூ கூடாது, பச்சைக் காய்கறி கூடாது, கூட்டம் கூடாது, தூசி கூடாது. நான் அதை வேதமாக எடுத்துக்கொண்டேன். அட்டைப்பெட்டியைக் கிழித்து மலையாளத்திலும் தமிழிலும் "யாரும் உள்ளே வரக்கூடாது" என்று எழுதி வாசலில் தொங்கவிட்டேன். வேலைக்கு வந்த அக்காவையும் நிறுத்திவிட்டேன். இரண்டு வேளையும் நானே ஈரத்துணியால் தரையைத் துடைத்தேன். கட்டிலில் கிடந்தபடி அவள் சொல்வாள்: "எல்லாரையும் வெரட்டியாச்சு. இனி பேச ஒரு ஈ காக்கா கெடையாது." நான் துணியைப் பிழிந்துவிட்டு அடுத்த மூலையைத் துடைக்கப் போவேன்.

ஆடி மாதத்துக் கர்க்கடக மழையில் ஒருநாள் என் அண்ணன் வந்தார். கையில் திராட்சை, கோவில் பூ. போர்டைப் படித்துவிட்டும் செருப்பைக் கழற்றினார். நான் கதவைக் குறுக்கே பிடித்துக்கொண்டேன். அவள் மண்ணில் விளையாடி வளர்ந்தவள், அவளுக்கு ஒன்றும் வராது என்றார். பழைய நோயை ஞாபகம் வைத்திருக்கிற அணு வேறு அண்ணே, முதலில் ஓடிவருகிறது வேறு, அது இப்போது அவளுக்கு இல்லவே இல்லை என்றேன். எனக்கே பாடம் நடத்துகிறாயா என்கிற மாதிரி பார்த்தார்.

"லேய், நான் உன் கூடப் பொறந்தவனாக்கும். வாசல்ல நின்னு ஒரு வார்த்த பேசிட்டுப் போறேன்."

"நீங்க யாரா இருந்தாலும் வெளிய நில்லுங்க."

திராட்சையைப் படியில் வைத்தார். அவர் கண்முன்னாலேயே அதை எடுத்து, அந்தப் பக்கம் போன, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரரிடம் கொடுத்தேன். அண்ணன் மழையில் இறங்கி நடந்தார். அதன்பிறகு போன் இல்லை. நான் வருத்தப்படவுமில்லை. அவளைக் காப்பாற்றுகிறவன் நான் ஒருவன்தான் என்று எனக்கு அப்படியொரு திமிர்.

என் தொழிலைச் சொல்ல வேண்டும். பருப்பு, மிளகாய் வற்றல், கொப்பரை மொத்த வியாபாரம். லோடு வந்தால் சாக்கில் குத்தூசியைச் செருகி ஒரு கை அள்ளுவேன். வாயால் ஊதுவேன். பிறகு மூக்கருகே கொண்டுபோய் இழுத்து முகர்வேன். மழைக்காலத்தில் சரக்கு உள்ளுக்குள் பூசணம் பிடித்திருந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே என் மூக்குக்குத் தெரிந்துவிடும். சாலைக் கம்போளத்தில் இந்த மூக்குக்கு ஒரு மரியாதை உண்டு. அந்த மாதம் வந்த கொப்பரையில் பாதி மூட்டைகளைத் திருப்பி அனுப்பினேன். பிரித்தால் பூசணம் பச்சைத் தூளாகப் பறந்தது.

மதியம் கடையை விட்டுவிட்டுப் பின்சந்திலிருக்கும் வீட்டுக்கு ஓடுவேன். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, மாஸ்க் கட்டி, கஞ்சியை நானே ஊட்டுவேன். வேறு யாரையும் நம்பவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய பன்னிரண்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றி ஏற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை. ஸ்கேனில் நுரையீரலில் நிழல். டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, இது பாக்டீரியா இல்லை, பூஞ்சை என்றார். பிறகு என் வேலையைப் பற்றிக் கேட்டார்: "சேட்டனுக்கு எந்தா ஜோலி?"

சொன்னேன். ஊதுவதையும் முகர்வதையும் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளைப் பார்த்தார்.

"ஈ தோர்த்து வீட்டிலும் கொண்டு போகுமோ?"

அவர் தோர்த்து என்றது என் தோளில் கிடந்த துண்டை. முப்பது வருஷமாக அது அங்கேதான் கிடக்கிறது. சாக்கைத் தட்டுவது அதனால், தராசைத் துடைப்பது அதனால். கஞ்சி குடித்து வேர்த்த அவள் முகத்தையும் வாயையும் தினமும் நான் துடைத்துவிட்டதும் அதனால்தான்.

பூஞ்சையின் வித்து காற்றில் எங்கும் இருக்கிறது, இதிலிருந்துதான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நீங்கள் முப்பது வருஷமாக அதை மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள், உங்கள் நியூட்ரோஃபில் உங்களுக்குத் தெரியாமலே அதைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கிறது, உங்கள் மனைவிக்கு அது இல்லை என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இதை ஏன் முதலிலேயே கேட்கவில்லை, தாளில் ஏன் எழுதவில்லை என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவர் பொறுமையாகத் தாளை எடுத்து விரலை வைத்தார். தூசி கூடாது. நான் படித்த வரிதான். தூசி என்றால் ரோட்டில் பறப்பது. பருப்புக்கடைக்காரனுக்குச் சாக்கிலிருந்து பறப்பது தூசியில்லை, சரக்கு. அப்படித்தான் என் மண்டை அதைப் படித்திருந்தது. எவனெவன் இருமலையோ மோந்து பார்த்த மூக்குக்குத் தன் துண்டு மட்டும் நாறவில்லை. அன்று என்னை யாராவது செருப்பால் அடித்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

பூஞ்சை மருந்து ஏறியது. அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. ஒவ்வொரு காலையும் நியூட்ரோஃபில் கவுண்ட் எவ்வளவு என்று நர்ஸிடம் போய்க் கேட்பேன். ஒன்பதாம் நாள் அது அசைந்தது. அதன்பிறகு தினமும் கொஞ்சம் ஏறியது. மருந்து பாதி, அவளுடைய சொந்த அணுக்கள் பாதி, இரண்டும் சேர்ந்து அவளை மீட்டன. நான் அதில் எந்தப் பக்கமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அத்தானுக்குப் போன் போடுங்க" என்றாள்.

அடுத்த நாளே அண்ணன் வந்துவிட்டார். இந்தத் தடவை கையில் எதுவுமில்லை. கவுண்ட் ஏறியிருந்ததால் மாஸ்க்கோடு வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மதியம் நான் கடையிலிருந்து வந்தபோது அவர் ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். அவள் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து மூன்று மாதமாகியிருந்தது. நான் படியில் கால் வைத்தேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க யாரா இருந்தாலும் வெளிய நில்லுங்க."

அண்ணனை நான் விரட்டிய அன்றைக்கு உள்ளே படுத்தபடி அவள் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மழை தூறிக்கொண்டிருந்தது. அன்றும் மறந்துபோய்த் தோளிலேயே போட்டுவந்த துண்டை எடுத்து, படியோரமிருந்த வாளிக்குள் நான் போட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி வாசலில் நின்றேன்.