மலையேறிய கிடை

சாமித்துரை அண்ணாச்சிக்கு மலையில் ஆறு ஏக்கர் காப்பித் தோட்டம் உண்டு. கோவில்பட்டியில் அவர் கடையில் நான் காப்பித்தூள் பொட்டலம் போடுகிறேன். ஒவ்வொரு பொட்டலத்திலும் 'மருந்து தெளிக்காத குடும்பத் தோட்டம்' என்று அச்சடித்திருக்கும். குடும்பம் என்றால் அவர் மனைவி ரேணுகாதேவி அக்கா. அண்ணாச்சியின் பங்கு, அச்சடித்தது.

தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த வீட்டின் ஒரே பிள்ளை அவர். கரிசல் மண் செருப்பில் ஒட்டும் என்று காட்டுப் பக்கமே போகாதவர். ஐம்பது வயதில், போனில் நாலு படம் பார்த்ததும் இயற்கை விவசாயி ஆகிவிட்டார். கடைக்கு வருகிறவர்களை நிறுத்தி வைத்து மண்புழுவின் பெருமையைப் பேசுவார். நிஜ மண்புழுவைக் கண்டால் காலைத் தூக்கிக்கொள்வார்.

மலையில் கிடந்து பாடுபடுவது அக்காதான். பழம் பறிக்கவும் களை எடுக்கவும் நானும் போவேன். பாதித் தோட்டம் கிழடு தட்டிவிட்டது. அக்கா விதை போட்டு, பையில் வளர்த்து, போன வருஷ மழைக்கு எண்ணூறு கன்று நட்டிருந்தாள். அவை பிழைத்தால்தான் தோட்டம் பிழைக்கும்.

இந்தச் சித்திரையில் அக்கா ஒரு சடங்கு வீட்டுக்காகக் கயத்தாறு போன நாளில், அண்ணாச்சி நாகலாபுரத்து இசக்கிபாண்டியையும் அவருடைய அறுபது வெள்ளாடுகளையும் லாரியில் ஏற்றி வந்து இறக்கினார். ராத்திரி ஆடுகளைத் தோட்டத்திலேயே அடைத்துக் கிடை போட்டால் புழுக்கை உரமாகுமாம்.

இசக்கிபாண்டி கன்றுகளைப் பார்த்தார். "அண்ணாச்சி, நம்மூர்ல அறுத்த பொறவு வெறுங்காட்டுலதான் கிடை போடுவோம். இங்கன செடி நிக்கே?"

"ஏலே, காப்பி கசக்கும்லா. கசப்ப எந்த ஆடு தின்னும்?"

"வேப்பங்குழையத் தின்னு வளந்ததுக அண்ணாச்சி இது."

"எனக்கே பாடம் எடுக்காத. கன்னு எல்லாம் உள்ள வர்ற மாதிரி சுத்தி வலையக் கட்டு. உரம் வேர்ல விழணும்."

களை எடுக்க வந்திருந்த, ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கே என்ன நடக்கும் என்று தெரிந்தது. ஆனாலும் வலை கட்டக் கூடமாட நின்றேன்.

விடிந்தபோது எண்ணூறும் குச்சியாக நின்றன. ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன.

"எலைதானே, துளுத்துரும்," என்றார் அண்ணாச்சி.

"பட்டையையும்லா உரிச்சிருக்கு," என்றார் இசக்கிபாண்டி.

மத்தியானம் அக்கா வந்தாள். குச்சிகளைத் தொட்டுக்கொண்டே கடைசி வரிசை வரை நடந்தாள். திரும்பி வந்து இசக்கிபாண்டிக்குச் சோறு போட்டாள். அண்ணாச்சிக்குப் போடவில்லை.

"ஏட்டி, நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

"ஆடு தெரியாமத் தின்னுட்டு. எல்லாம் தெரியும்னுல்லா நீங்க தின்ன வச்சிய. லாரி நிக்கி. ஆட்டோட நீங்களும் ஏறுங்க."

ஏறினார். ஊர் வந்து சேரும்வரை இசக்கிபாண்டிக்குக் கிடை போடும் முறையைச் சொல்லிக்கொண்டே வந்தாராம்.

மறுநாள் அக்கா பைகளில் மண் நிரப்ப உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். கடையில் இப்போது புதுப் பொட்டலம் வந்திருக்கிறது. 'ஆட்டுக்கிடை உரத்தில் விளைந்தது' என்று எழுதி, சிரிக்கிற ஆட்டின் படமும் போட்டிருக்கிறார். தோட்டத்துக் கேட் சாவியைத்தான் வாரத்துக்கு ஒருமுறை அக்காவிடம் கேட்டுப் பார்க்கிறார். அவள் கொடுப்பதில்லை.