பதினோராம் பக்கத்துச் சுவர்

கொத்தனாரின் சொந்த வீட்டுச் சுவரே கோணல் என்று தெருவில் ஒரு பேச்சு. ஜன்னல் வழியாகப் பார்த்தவர் ஒருவர்தான். அவரிடம் கேட்டவர்கள் பத்துப் பேர். பத்தாவது ஆளின் வாயில் வீடே சாய்ந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சமையலறையை இடித்துக் கட்ட ஆள் தேடிக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்பு டீச்சர் மட்டும், நேரிலேயே பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிறு காலை கதவைத் தட்டினார்.

உள்ளே கொத்தனார் துவைத்த சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். ஓரத்தோடு ஓரம் ஒட்டும்வரை பிரித்துப் பிரித்து மடிப்பார். அங்குலத்தை எட்டாக்கினால் ஒரு நூல். உலகம் முழுவதையும் அவர் அளப்பது அந்தக் கணக்கில்தான். பேருந்து தாமதமானால் “நாலு நூல் லேட்டு.” மைத்துனரைப் பற்றிக் கேட்டால், “நல்ல பையன்தான், ரெண்டு நூல் வெளிய நிக்கிறான்.” கல்யாணமான புதிதில் மனைவியின் வகிடு ஒரு நூல் இடப்பக்கம் போகிறது என்று சொல்லிவிட்டு மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடந்தாராம். மனைவி ஐந்து நாள் என்கிறார்.

இப்பேர்ப்பட்டவருக்குக் கோணல் பட்டம் வாங்கிக்கொடுத்தது ஒரு குழந்தைகள் புத்தகம். இரண்டு வருடத்துக்கு முன் புத்தகங்களுக்குப் படம் வரையும் ஒரு படக்காரரின் வீட்டைச் சீர்செய்யப் போனார். படக்காரர் பட்ட பாட்டையெல்லாம் வண்ணப் படங்களாக்கிப் புத்தகமாகவே போட்டுவிட்டார். பெயிண்ட் டப்பாவுக்குள் காலை விட்ட அப்பா, தொட்டியில் இடித்துப் பாதி மட்டுமே திறக்கும் குளியலறைக் கதவு, அதற்குள் பக்கவாட்டில் நுழையும் அத்தை, ஈரச் சிமெண்டுத் தரையில் பூனையின் கால்தடம். பதினோராம் பக்கத்தில், காதில் பென்சிலோடு கொத்தனார் தான் கட்டிய சுவரிலேயே சாய்ந்து தூங்குகிறார். அவரோடு சேர்ந்து சுவரும் சாய்கிறது. குடும்பம் வரிசையாக நின்று வாயைப் பிளக்கிறது.

பிள்ளைகள் அவரை ‘கோணல் மாமா’ என்று கூப்பிடுகிறார்கள். அவரும் திரும்பிப் பார்க்கிறார், அதில் வருத்தமில்லை. பெரியவர்கள்தான் சிரித்துவிட்டு வேறு ஆளைத் தேடுகிறார்கள். சுவர் எழுப்பக் கூப்பிட்டவர்கள் இப்போது ஓட்டை அடைக்க மட்டும் கூப்பிடுகிறார்கள். நான்கு மாதமாக அவர் ஒரு முழுச் சுவர் எழுப்பவில்லை.

டீச்சர் சுற்றி வளைக்காமல் கேட்டார். கொத்தனார் எதையும் மறைக்கவில்லை.

“கதவு இடிச்சது நிஜம்தாம்மா. பெயிண்ட் டப்பா புக்குல ஒரு தடவைதான் வருது, நிஜத்துல ரெண்டு தடவை. பூனை உள்ள வந்ததும் என் தப்புதான், குறுக்க கயிறு கட்டல. அதெல்லாம் போட்டுக்கட்டும். அந்தச் சுவர் மட்டும் நான் வச்சதில்ல.”

“யார் வச்சதுன்னும் சொல்லுங்களேன்” என்றார் மனைவி. கொத்தனார் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்துவிட்டதால் மனைவியே சொன்னார். தன் வீட்டுக்குத் தன் கையாலும் நாலு வரிசை செங்கல் வைக்க வேண்டும் என்று படக்காரருக்கு ஆசை வந்ததாம். ஒரு சாயங்காலம் வைத்தார், அது கோணிக்கொண்டு நின்றது. மறுநாள் விடிந்ததும் கொத்தனார் அதைச் சத்தமில்லாமல் பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டினார். அப்பா கட்டினதை யார் இடிச்சது என்று படக்காரரின் மகள் அழுதபோது, கொத்தனார் பூனை மேல் பழியைப் போட்டார்.

புத்தகம் வந்ததும் போய்க் கேட்டதற்கு, படக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, “பொண்ணு முன்னால மானம் போயிடும் கொத்தனாரே. அடுத்த பதிப்புல உங்க சுவரை நிமிர்த்திடறேன்” என்றாராம். அதற்கப்புறம் மூன்று பதிப்பு வந்தாயிற்று. படத்தில் கொத்தனாரின் மீசைதான் கொஞ்சம் அடர்த்தியாகியிருக்கிறது.

கொத்தனார் சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டை எடுத்து டீச்சர் கையில் கொடுத்தார். “நான் சொல்றத விடுங்க. குண்டு பொய் சொல்லாது.” டீச்சர் நான்கு சுவர்களிலும் பிடித்துப் பார்த்தார். நான்கிலும் குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் அசையாமல் நின்றது.

வீட்டில் கோணலாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஜன்னலுக்கு எதிரே சட்டம் போட்டு மாட்டியிருந்த பதினோராம் பக்கம். தெருப் பேச்சின் மூலம் இதுதானா என்று டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்ப நாளைக்கு வந்து அளவு எடுங்க…” என்று சொல்லிக்கொண்டே, யாரும் செய்வதுபோல, விரல் நுனியால் சட்டத்தை நேராக்கினார்.

மனைவி கணவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், பேசாமல் இருங்க என்று. கைக்கு வந்த சமையலறை போய்விடுமே என்ற பயம். கொத்தனார் எழுந்து வந்தார்.

“தப்பா நினைக்காதீங்கம்மா. படக்காரர் புக்குல நிமிர்த்தித் தர்ற வரைக்கும் இது இப்படித்தான் இருக்கணும்.”

தூக்குக்குண்டின் கயிற்றை, படத்திலிருந்த சுவரின் ஓரத்துக்கு நேரே தொங்கவிடப் பார்த்தார். சட்டத்தைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது. டீச்சர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றின் மேல்நுனியைப் பிடித்துக்கொண்டார். கொத்தனார் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு நூல், இன்னும் ஒரு நூல் என்று சட்டத்தைச் சாய்த்தார். சுவர் கயிற்றோடு ஒட்டி நிமிர்ந்து நின்றது. அப்பாவும் அத்தையும் பூனையும் மொத்தமாகச் சரிந்தார்கள்.